நூற்று முப்பது என்றது வண்டி

அத்தியாயம் 7

"உள்ள காலை வெச்சீங்கன்னா நாயை அவுத்து விட்டுருவேன்" என்றான் ஷாருக்.

பிராங்ளின் கேட்டுக்கு வெளியே நின்றபடியே நாயை நோட்டம் விட்டான். அது ஒரு பழைய டயருக்குள் சுருண்டு, ஊட்டிக் குளிருக்கு மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டு தூங்கியது.

"அவுத்து விடுங்க பாஸ். ஆனா எழுப்பி விடறது உங்க பொறுப்பு."

மஜீதா சிரிக்கவில்லை. வருடக்கணக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, எவன் நிஜமாக மோதினான், எவன் பணத்துக்காக மோதினான் என்று பிரித்துச் சொன்னவள். அந்த வேலையை விட்டுக் குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் அவள் முகம் மாறவில்லை. கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஒரே முகம்தான். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த பிராங்ளின் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அதில் ஒரு சிரிப்பை வரவழைக்கப் படாதபாடு படுகிறான்.

"தம்பி, எலெக்ட்ரிக் கார் விஷயமா வந்தோம்" என்றாள் மஜீதா.

ஷாருக்குக்கு மூக்கு சிவந்துவிட்டது. "தெரியுமே. கோத்தகிரி டீ பேக்டரிக்காரன் அனுப்பின ஆளுங்கதானே? அந்த அஸ்வந்த்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் வித்தது நல்ல வண்டி. முதல் ஓனர் சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல. பேட்டரி செத்துப்போச்சு, ஏமாத்திட்டேன்னு தினம் ஒரு போட்டோ அனுப்பி உசுரை எடுத்தா, நானும் கோர்ட்டுக்குப் போவேன்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்றால் இதுதான். அவர்கள் கேட்க வந்த கேள்வி, மலையில் வெள்ளை எலெக்ட்ரிக் கார் யார் யாரிடம் இருக்கிறது என்பது. செகண்ட் ஹேண்ட் கார் விற்கிற ஷாருக் கேட்காமலே ஒரு பெயரைக் கக்கிவிட்டான்.

"நாங்க அந்த ஆளோட ஆளுங்க இல்ல. தாவூத் பொண்டாட்டி அஃப்ரீன் அனுப்பி வந்திருக்கோம்."

ஷாருக்கின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. "கேரட் வண்டி தாவூத் அண்ணனுக்கா? நேத்து ராத்திரி அவரைப் பிடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதை முதல்லயே சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்க நாயைப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க" என்றான் பிராங்ளின்.

தாவூத் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு போகாதது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறவன். வியாழக்கிழமை மத்தியானம் கேரட் லோடோடு மலை இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் ஒரு பெண் ரத்தத்தில் கிடந்தாள். எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர் ரோஸ்மேரி. பாவி மனுஷன் கேரட் மூட்டைகளை ரோட்டில் தள்ளி இடம் பண்ணி, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அதற்குக் கிடைத்த சன்மானம் லாக்-அப். இடித்தவனே பயந்துபோய்த் தூக்கி வந்துவிட்டான் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜூடித் முடிவு கட்டிவிட்டார். அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. வளைவுக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், அந்த நேரத்தில் காதில் விழுந்தது ஒரே ஒரு வண்டிச் சத்தம், அது தாவூத்தின் பிக்-அப் என்று.

டீச்சருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. இன்று சாயங்காலம் தாவூத்தை மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அவள் கண் திறக்காமலே போய்விட்டால், தூக்கிக் காப்பாற்ற ஓடியவன் தலையில் ஒரு உயிர் விழும். லைசென்ஸ் போகும், பிக்-அப் ஸ்டேஷன் வாசலிலேயே துருப்பிடிக்கும், அஃப்ரீனும் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்தவன் கதைதான்.

தாவூத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு விஷயம். டீச்சரைப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கார் எதிரே ஏறி வந்தது. மலைப்பாதையில் ஒரு மரியாதை உண்டு. இறங்குகிற வண்டி ஓரம் கட்டி, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். தாவூத் விட்டான். அந்தக் கார் ஒரு கை காட்டவில்லை, ஒரு ஹாரன் கொடுக்கவில்லை, இஞ்சின் சத்தம்கூட இல்லாமல் கடந்து, அடுத்த கொண்டை ஊசி வளைவைத் தயங்காமல் திரும்பிப் போய்விட்டது. நம்பரை அவன் பார்க்கவில்லை. நம்பர் பிளேட் பச்சை என்பது மட்டும் நினைவிருந்தது.

பச்சை பிளேட் என்றால் எலெக்ட்ரிக் வண்டி. ஜூடித் அதைக் கேட்டுச் சிரித்தாராம். சீசன் நேரத்தில் மலை பூராவும் பச்சைதான் என்றாராம்.

"அந்த வளைவை நிக்காம ஏறினவன் டூரிஸ்ட் இல்லீங்க" என்று பிராங்ளின்தான் முதலில் சொன்னான். "டூரிஸ்ட்டா இருந்தா ரெண்டு தடவை பிரேக் பிடிச்சிருப்பான், ஒரு தடவை பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கியிருப்பான். இது உள்ளூர்க் கை."

அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஷாருக்கின் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

ஷாருக் விற்ற வெள்ளை எலெக்ட்ரிக் கார்கள் மூன்று. "ஜூடித் மேடம் எங்கிட்டயும் கேட்டாங்க, பேரைக் குடுத்தேன். ஒண்ணு கூடலூர் மிளகு வியாபாரிகிட்ட, அது அன்னைக்கு வயநாட்டுல இருந்துச்சு. இன்னொண்ணு என்கிட்டயே சர்வீஸுக்கு நிக்குது. மூணாவது இந்த அஸ்வந்த். அந்தாளு ஊட்டியில ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டு, மத்தியானம் கோத்தகிரிக்கு இறங்கிட்டேன்னு சொல்லிட்டாரு. பெரிய மனுசன். போலீஸ் அதோட விட்டுருச்சு."

"மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்த கல்யாணம்" என்றாள் மஜீதா. "அவர் வந்தார்னு சொல்லவும் ஆள் கிடைக்காது, வரலைன்னு சொல்லவும் ஆள் கிடைக்காது. போட்டோவைக் காட்டு தம்பி."

ஷாருக் செல்போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் வரிசையாக ஒரே காரின் டாஷ்போர்டு. ஒவ்வொன்றிலும் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜ் சதவீதம், பக்கத்திலேயே அந்தச் சார்ஜில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்கிற எண். ஒவ்வொன்றின் கீழும் அர்ச்சனை.

"மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து நிறுத்தியிருக்கிறேன். அறுபத்தெட்டு சதவீதம் இருக்கு, நூற்று நாற்பது கிலோமீட்டர்தான் காட்டுது. ஃபுல் சார்ஜுக்கு நானூறு என்று சொல்லித்தானே விற்றாய், திருட்டுப் பயலே." அதற்கடுத்தது கோயம்புத்தூரிலிருந்து வந்த நாள். அதில் ஷாருக்கின் அப்பாவையும் சேர்த்துத் திட்டியிருந்தது. மறுபடி மேட்டுப்பாளையம். அதில் ஷாருக்கின் பிறப்பு பற்றிச் சில சந்தேகங்கள்.

"நல்ல தமிழ்" என்றான் பிராங்ளின். "பள்ளிக்கூடத்துல மார்க் வாங்கியிருப்பான்."

"விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாலே போனை வெச்சுடறான்க்கா. என் பேச்சை எவன் கேக்கறான்."

மஜீதா கடைசிப் படத்தில் நின்றாள். வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. அறுபத்திரண்டு சதவீதம், நூற்று முப்பது கிலோமீட்டர். கீழே, "இனி உன்னைக் கோர்ட்டில் பார்க்கிறேன், நாயே."

அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். "பிராங்ளின், இதுல என்ன குறையுது?"

"மரியாதைங்களா?"

"மத்த எல்லாத்துலயும் எங்கேருந்து வந்தேன்னு எழுதியிருக்கான். இதுல திட்டு இருக்கு, ஊர் இல்ல."

"கோவத்துல மறந்திருப்பான்க்கா."

"கோவத்துல மறக்கறவன் ஊரை மறந்துட்டுத் திட்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்குவானா?" மஜீதா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சர்வீஸுக்கு நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தாள். "அது இதே மாடல்தானே? சாயங்காலம் வரைக்கும் குடு."

"எதுக்குங்க?"

"ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு தடவை இறங்கிப் பாக்கணும்."

*

பிராங்ளினுக்கு எலெக்ட்ரிக் கார் பிடிக்காது. கியர் இல்லாத வண்டியை ஓட்டுவது உப்பில்லாத சோறு தின்பது மாதிரி என்பான். அதனால் மஜீதாவே ஓட்டினாள். அவனுக்கு ஒரே வேலை, அந்த எண்ணைப் படித்துச் சொல்வது.

"அறுபத்தாறு சதவீதம். இருநூத்தி நாப்பது கிலோமீட்டர்."

தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம். எண் சரசரவென்று இறங்கியது. இருநூறுக்கு வந்ததும் பிராங்ளின் திருப்தியாகத் தலையாட்டினான். "ஓடினா குறையுது. நியாயமான வண்டிதான்."

பிரிவைத் தாண்டியதும் கோத்தகிரி வரை ரோடு பெரும்பாலும் இறங்கிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் கேரட் தோட்டங்கள், பனி. மஜீதா ஆக்சிலரேட்டரில் காலே வைக்கவில்லை. பிராங்ளின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முன்னால் குனிந்தான். பிறகு சட்டை நுனியால் திரையைத் துடைத்தான்.

"ஏனுங்க அக்கா, இதுக்கு மண்டை குழம்பிருச்சு."

"ஏன்?"

"ஓட ஓடக் கூடுது. இருநூத்தி முப்பது. இப்ப இருநூத்தி அம்பது. சார்ஜ் அப்படியேதான் நிக்குது, தூரம் மட்டும் ஏறுது. இப்படியே கன்னியாகுமரி போனா, கிளம்பினப்ப இருந்ததை விட ஜாஸ்தி மிச்சம் இருக்கும்போல."

"நீ டாக்சி ஓட்டினப்ப, காலையில ரெண்டு நல்ல சவாரி கிடைச்சா, அந்த மாசம் எவ்வளவு தேறும்னு ஊட்ல சொல்லுவ?"

"பங்களா வாங்கிரலாம்னு சொல்லுவேன்."

"ரெண்டு சவாரி கேன்சல் ஆனா?"

"இந்த மாசம் கஞ்சிதான்னு சொல்லுவேன்."

"ரெண்டு நாள்லயும் உன் பாக்கெட்ல இருந்த காசு ஒண்ணுதானே?"

கோத்தகிரி நெருங்கியபோது பிராங்ளின் மறுபடி திரையைப் பார்த்தான். இருநூற்று எண்பத்தைந்து என்றது திரை. சதவீதம் அறுபத்திரண்டு. வியாழக்கிழமைப் படத்தில் இருந்த அதே அறுபத்திரண்டு. அதன் பிறகு பேக்டரி வரும்வரை அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மஜீதாவுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

*

அஸ்வந்தின் டீ பேக்டரி முற்றத்தில் வறுபட்ட இலையின் வாசனை. மூலையில் ஒரு கார், தலை முதல் கால் வரை சாம்பல் நிறக் கவர் போர்த்தி நின்றது. மாடிப்படியில் இறங்கி வந்த அஸ்வந்த், கையில்லாத ஜாக்கெட்டும் யாரையும் மதிக்காத நடையுமாக நாற்பது வயதுக்காரன்.

"யாரு உங்களை உள்ள விட்டது?"

"வாட்ச்மேன் விடலீங்க. எங்க வண்டி சத்தமே போடாது, அவருக்குக் கேக்கல" என்றான் பிராங்ளின். "உங்களுக்குத் தெரியாததுங்களா."

அஸ்வந்தின் பார்வை ஒரு கணம் அவன்மேல் நின்றது. மஜீதா இடையில் புகுந்தாள். "ஷாருக் வண்டி விஷயமா வந்திருக்கோம். பேட்டரி கம்ப்ளைன்ட்."

"இப்பத்தான் அந்த நாய்க்குப் புத்தி வந்துச்சா?"

"ஆதாரம் சரியா இருந்தா வண்டியைத் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்றார். வியாழக்கிழமை படம்தான் இருக்கறதுலயே மோசம். அது நீங்களே எடுத்ததுங்களா?"

"பின்ன, என்ற வண்டியில எவன் எடுப்பான்? இதே முற்றத்துல வந்து நிறுத்தினேன், எடுத்தேன், அனுப்பினேன்."

"வேற யாராவது ஓட்டியிருக்க வாய்ப்பு?"

"என்ற வண்டியை நான் எவனுக்கும் குடுக்கறதில்ல."

"எங்கேருந்து வந்தீங்க?"

அஸ்வந்த் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான். பேக்டரிக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அஸ்வந்தின் முகத்தில் ஒரு குரூரமான சந்தோஷம் படர்ந்தது, கையில் துருப்புச் சீட்டு வந்தவன் சந்தோஷம்.

"ஊட்டி. கல்யாணம். அங்கிருந்து பாதிக்கு மேல இறக்கம். எழுதிக்குங்க. இறக்கத்துல வந்த வண்டி, அறுபத்திரண்டு சதவீதத்துக்கு நூத்தி முப்பது காட்டுது. செத்த பேட்டரின்னு நிரூபிக்க இதுக்கு மேல என்ன வேணும்?"

"கவரை எடுத்து வண்டியை ஒரு தடவை பாத்துடறேங்க."

"முடியாது."

"திருப்பி எடுத்துக்கப் போற வண்டி..."

"முடியாதுன்னு சொன்னேன். முதல்ல நீங்க யாரு? ஐடி கார்டு எங்க?" செல்போன் ஏற்கெனவே அவன் காதில் இருந்தது. "ஜூடித் மேடம், என்ற பேக்டரிக்குள்ள ரெண்டு பிராடு பசங்க புகுந்திருக்காங்க. ஒரு பொம்பளை, ஒரு கோமாளி."

"கோமாளி நானுங்க" என்றான் பிராங்ளின், மஜீதாவிடம். "நீங்க குழம்பிக்காதீங்க."

ஜீப் வந்தது. ஜூடித் கெட்ட போலீஸ் அல்ல, அவசரப் போலீஸ். தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கியவர் மஜீதாவைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார்.

"நீங்களா? ஸ்டேஷன் வாசல்ல நிக்காதீங்கன்னு சொன்னா இங்க வந்து நிக்கறீங்களா? இன்ஷூரன்ஸ் கம்பெனியில பம்பர் எண்ணிட்டு இருந்தவங்க எனக்குக் கேஸ் சொல்லித் தரப் போறீங்களா?"

"இல்லீங்க மேடம். கிளம்பிடறோம். ஆனா சார் வியாழக்கிழமை படத்தைப் பத்தி எங்ககிட்ட சொன்னதை, உங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லட்டும். அத்துமீறி நுழைஞ்சோம்னு நீங்க கேஸ் போடறதுக்கு உதவும்."

அஸ்வந்த் சொன்னான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். ஊட்டி, கல்யாணம், இறக்கம், தானே ஓட்டியது, வந்து நின்றவுடன் எடுத்த படம். அந்தப் படத்தை ஜூடித்தின் முகத்துக்கு நேராகக் காட்டினான். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்காத குறை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் போலீஸைத் தானே போன் போட்டு வரவழைத்துவிட்டுக் கெட்டது.

"மேடம், இதையும் பாருங்க" என்று மஜீதா தாங்கள் வந்த காரின் கதவைத் திறந்தாள். "அதே மாடல். இப்பத்தான் ஊட்டியிலிருந்து இறங்கி வந்தோம், சார் வந்ததா சொல்ற அதே ரோட்டுல. பிராங்ளின், படி."

"அறுபத்திரண்டு சதவீதம். இருநூத்தி எண்பத்தஞ்சு கிலோமீட்டர்."

அஸ்வந்த் கையைத் தட்டினான். "பாத்தீங்களா மேடம்? அதே மாடல், அதே சார்ஜ். இதுல இருநூத்தி எண்பத்தஞ்சு, என்ற வண்டியில நூத்தி முப்பது. இவங்களே நிரூபிச்சுட்டாங்க. ஷாருக்கை உள்ள தள்ளுங்க."

"நான் கிளம்பட்டுங்களா" என்று எரிச்சலோடு கேட்டார் ஜூடித்.

"ஒரு நிமிஷம் மேடம். இந்த நம்பர் என்னன்னு யாரும் சாருக்குச் சொல்லல. சொல்ல வந்தவனை அவர் சொல்ல விடல." மஜீதா குரலை உயர்த்தவே இல்லை. "இது டேங்க்ல இவ்வளவு லிட்டர் இருக்குன்னு சொல்ற கணக்கு இல்ல. பேட்டரியில இருக்கறது அந்தச் சதவீதம்தான். இந்தத் தூரம் வண்டியோட யூகம். இப்ப வந்த ரோடு எப்படியோ, இனி போற ரோடும் அப்படியேன்னு நினைச்சுக் கணக்குப் போடுது. மலை ஏறி வந்தா உலகமே ஏத்தம்னு பயந்து குறைச்சுச் சொல்லும். இறங்கி வந்தா உலகமே இறக்கம்னு அள்ளி விடும். இனி எவ்வளவு தூரம் போகும்னு அதுக்குத் தெரியாதுங்க. எந்த வழியா வந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

அவள் ஜூடித்தின் பக்கம் திரும்பினாள்.

"மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறின நாளெல்லாம் சார் வண்டி நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுன்னுதான் காட்டியிருக்கு. அவரே ஊர் பேரைப் போட்டு எழுதியிருக்கார். ஊட்டியிலிருந்து இறங்கின நாள் படம் ஒண்ணுகூட ஷாருக்குக்கு வரல. அன்னைக்கெல்லாம் நம்பர் நல்லாக் காட்டியிருக்கும், திட்ட வழியில்ல, அனுப்பல. வியாழக்கிழமை படத்துல நம்பர் மேட்டுப்பாளையத்து நம்பர். ஊர் பேர் மட்டும் இல்ல."

ஜூடித் அஸ்வந்தின் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். அவன் அதை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான்.

"கதை. அந்த டிஸ்ப்ளேவே கோளாறு. அதுதானே என்ற கம்ப்ளைன்ட்டே."

"சரிங்க. கோளாறுன்னா சுலபமாத் தெரிஞ்சிரும். கவரை எடுங்க. மேடமும் கூட வரட்டும். ஊட்டிக்குப் போயிட்டு இதே முற்றத்துக்கு வந்து நிறுத்துங்க. பேட்டரி செத்திருந்தா இறங்கி வந்தாலும் நூத்தி முப்பதுதான் காட்டும். காட்டினா ஷாருக் வண்டியை எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் தர்றார். நான் எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"முடியாது."

"ஏனுங்க சார்" என்றான் பிராங்ளின். "சும்மா வர்ற பணம். கசக்குதுங்களா?"

"என்ற வண்டி, என்ற இஷ்டம்."

"சார்." இப்போது பேசியது ஜூடித். குரலிலிருந்த அவசரம் போய்விட்டிருந்தது. "கவரை எடுங்க."

"மேடம், நான் யாருன்னு தெரிஞ்சுதானே..."

ஜூடித் காத்திருக்கவில்லை. தானே போய்க் கவரின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். வெள்ளைக் கார். பச்சை பிளேட். இடது பக்க ஹெட்லைட் கண்ணாடி இல்லை. பம்பரின் அந்த மூலை உள்ளே அமுங்கி, விரிசலில் ஒரு நூல் சிக்கியிருந்தது, வாடாமல்லிக் கலரில் ஒரு புடவை நூல். ஜூடித் அதைத் தொடவில்லை. டீச்சரை ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அவர். அந்தப் புடவையையும் பார்த்திருக்கிறார்.

"அவதான் சார் பாக்காம திரும்பினா" என்றான் அஸ்வந்த் மெதுவாக. பெண் போலீஸை சார் என்று கூப்பிட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "வண்டி வர்ற சத்தம் அவளுக்குக் கேக்கல. நான் என்ன பண்ணுவேன்?"

"நின்னிருக்கலாம்" என்றார் ஜூடித்.

பிராங்ளின் ஒரு கேள்வி கேட்டான். ஜோக் இல்லை. "இவ்வளவும் பண்ணிட்டு வந்து நிறுத்தி, எதுக்குங்க போட்டோ எடுத்தீங்க?"

அஸ்வந்த் அவனை முதல் தடவையாக மனுஷனை மதித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கேள்வியே புரியாத பார்வை.

"தினம் எடுக்கறதுதானே" என்றான்.

பிராங்ளினுக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. மஜீதா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

*

தாவூத்தை வெளியே விட்டபோது சாயங்கால வெயில் இருந்தது. ஜூடித் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிக்-அப் சாவியை மேஜையில் வைத்து அவன் பக்கம் தள்ளினார், முகத்தைப் பார்க்காமல். "பிரேக் லைட்டு ஒண்ணு எரியல, மாத்திக்க" என்றார். அவருக்கு வந்த மன்னிப்பு அவ்வளவுதான். அஃப்ரீன் அவரைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம். புள்ளைங்க சாப்பிடாம உக்காந்திருக்குது" என்றாள் அவள்.

"டீச்சரைப் பாத்துட்டுப் போயிரலாம்."

"அவங்களைத் தூக்கப் போய்த்தானே இத்தனையும்?"

"அதனாலதான்" என்றான் தாவூத்.

ராத்திரி முழுக்க லாக்-அப்பில் தூங்காதவன். பிக்-அப்பை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி மஜீதா இருவரையும் ஷாருக்கின் காரில் ஏற்றினாள். இந்தத் தடவை பிராங்ளின் ஓட்டினான். மேட்டுப்பாளையத்துக்கு மலை இறங்க இறங்க, திரையில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. மஜீதாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். கேட்டுவிட்டுப் போனை வைத்தவள், "டீச்சர் கண் திறந்திருக்காங்க. தண்ணி கேட்டாங்களாம்" என்றாள்.

பின்சீட்டில் அஃப்ரீன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சிட்டே இருந்தேனுங்க" என்றான் தாவூத் கொஞ்ச நேரம் கழித்து. "அன்னைக்கு நான் வழி விடாம குறுக்க நிறுத்தியிருந்தா, அவன் அங்கயே மாட்டியிருப்பான். வழி விட்டு அனுப்பி வெச்சதே நான்தான்."

அஃப்ரீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சப்பனைக்கு மேலே, அதே வளைவு. கீழேயிருந்து ஒரு கார் ஏறி வந்தது. பச்சை பிளேட். சத்தமில்லை. பிராங்ளினுக்கு ரத்தம் தலைக்கேறியது. ரோட்டின் நடுவிலேயே வண்டியைப் பிடித்து, ஹாரன்மேல் உள்ளங்கையை அழுத்தினான். எதிர்க் கார் நின்றுவிட்டது.

"ஓரம் கட்டுங்க" என்றான் தாவூத் பின்னாலிருந்து. "ஏறுற வண்டி."

"அதுக்குக் கிளட்ச்சும் இல்ல, கியரும் இல்லீங்க. ஏத்தத்துல நின்னா ஒண்ணும் ஆகாது. அவன் நிக்கட்டும்."

"வண்டிக்கா விடறோம்? ஏறி வர்ற மனுசனுக்கு விடறதுங்க அது."

பிராங்ளின் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, மண் சுவரை ஒட்டி ஓரம் கட்டினான். எதிர்க் கார் மெல்ல நகர்ந்து வந்தது. பக்கத்தில் வந்ததும் அதை ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிப் போனார்.

தாவூத்தும் கையைத் தூக்கினான்.